ஹார்ட்டில்பூல் ரசிகனிடம் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

வேலைக்காக மூன்று வருடம் வடகிழக்கு இங்கிலாந்தில், மிடில்ஸ்பரோவில் இருந்தேன். திரும்பி வரும்போது இரண்டு கம்பளிச் சட்டை, ஒரு மூட்டுவலி, ஒரு கால்பந்து டீம் மூன்றும் கூடவே வந்துவிட்டன. சட்டை இங்கே வெயிலுக்கு உதவவில்லை. மூட்டுவலி போய்விட்டது. டீம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. அதைப் பற்றி நண்பர்களும் உறவினர்களும் ஆபீஸில் இருப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்றுதான் இது.

லிவர்பூல் என்று சொல்ல வந்து ஹார்ட்டில்பூல் என்கிறீர்களா?

இல்லை. லிவர்பூல் இங்கிலாந்தின் மேற்குப் பக்கம். ஹார்ட்டில்பூல் கிழக்குப் பக்கம், வட கடலின் ஓரத்தில் இருக்கிற சின்ன ஊர். ஒரு காலத்தில் கப்பல் கட்டினார்கள், இரும்பு உருக்கினார்கள், நிலக்கரி ஏற்றி அனுப்பினார்கள். இப்போது அந்தத் தொழில்களில் பெரும்பகுதி இல்லை; கடல் காற்று மட்டும் அப்படியே இருக்கிறது.

கிளப்பின் முழுப் பெயர் ஹார்ட்டில்பூல் யுனைடெட். 1908இல் தொடங்கியபோது 'ஹார்ட்டில்பூல்ஸ்' என்று பன்மையில் வைத்தார்கள். பழைய ஹார்ட்டில்பூல், வெஸ்ட் ஹார்ட்டில்பூல் என்று இரண்டு ஊர்கள் இருந்ததுதான் காரணம். 1967இல் இரண்டும் ஒன்றாக, அடுத்த வருடமே கிளப்பின் பெயரிலும் பன்மை போனது. ரசிகர்கள் கூப்பிடும் செல்லப் பெயர் மட்டும் பழைய பன்மையின் கடைசித் துண்டாக இன்னும் இருக்கிறது. அதைத் தமிழில் எழுதினால் அர்த்தம் வேறு மாதிரி ஆகிவிடும் என்பதால் இந்தக் கட்டுரை முழுக்க முழுப் பெயர்தான்.

அப்படி எத்தனை கோப்பை ஜெயித்திருக்கிறார்கள்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் பதிலைத் தெரிந்துகொண்டே கேட்கிறார்கள்.

இங்கிலாந்தில் மேலிருந்து நான்கு அடுக்குகளில் 92 கிளப்புகள். முதல் அடுக்குதான் நீங்கள் டிவியில் பார்க்கும் பிரீமியர் லீக். ஹார்ட்டில்பூல் இந்த அமைப்புக்குள், அதாவது லீக்குக்குள், 1921இல் சேர்ந்தது. அன்றிலிருந்து எந்த டிவிஷனிலும் முதலிடம் பிடித்ததில்லை. இரண்டாவது அடுக்கைத் தொட்டதே இல்லை. அந்தக் கூட்டத்துக்குள் மேல் டிவிஷனுக்கு ஏறியது நான்கே முறை: 1968, 1991, 2003, 2007. ஏறிய நான்கு முறையும் இறங்கியும் வந்துவிட்டார்கள். 1968இல் ஏறியது முதல் முறை என்பதால் ஊரே கொண்டாடியது. அடுத்த சீசன் முடியும்போது பழைய இடத்துக்கே திரும்பியிருந்தார்கள்.

சாதனை இல்லை என்று சொல்லிவிட முடியாது. 1993 ஜனவரியில், எல்லா அடுக்குக் கிளப்புகளும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பையில் பிரீமியர் லீக் கிளப்பான கிரிஸ்டல் பேலஸை 1-0 என்று தோற்கடித்தார்கள். அந்த ஒரு கோல் பெனால்டியில் வந்தது, அடித்தவர் ஆண்டி சாவில். ஊர் குதித்தது. அதற்குப் பிறகு டீம் கோல் அடிக்க மறந்துவிட்டது. ஒரு மேட்ச், இரண்டு மேட்ச் இல்லை, மொத்தம் 1,227 நிமிடம். இருபது மணி நேரத்துக்கும் மேல். மார்ச்சில் பிளாக்பூலில்தான் அந்த விரதம் முடிந்தது. முடித்து வைத்தவரும் அதே சாவில். இங்கிலாந்து லீக் கிளப்புகளில் இது ரெக்கார்டு. எங்களை வம்புக்கு இழுப்பவர்கள் இதைச் சொல்வார்கள் என்று நினைக்காதீர்கள், நாங்களேதான் முதலில் சொல்வோம்.

இவ்வளவு மோசமாக ஆடியும் லீக்கில் எப்படி வைத்திருந்தார்கள்?

ஓட்டுப் போட்டுத்தான். நிஜமாகவே.

1986 வரை நான்காவது டிவிஷனில் கடைசி நான்கு இடத்தில் முடித்தவர்கள் தாமாக வெளியேற மாட்டார்கள். மற்ற கிளப்புகளிடம் போய், எங்களுக்கு இன்னொரு வருடம் இடம் கொடுங்கள் என்று கேட்க வேண்டும். வெளியே இருக்கிற கிளப்புகளும் விண்ணப்பிக்கும். கோடையில் கூட்டம் கூடி ஓட்டுப் போடுவார்கள். ஹார்ட்டில்பூல் இப்படிக் கையேந்தி நின்றது 14 முறை. வேறு எந்தக் கிளப்பும் இத்தனை முறை நிற்கவில்லை. 1960 முதல் 1964 வரை தொடர்ந்து ஐந்து வருடம்! நம் ஊரில் டெபாசிட் இழந்தவர்கள்கூட அடுத்த தேர்தலுக்குக் கொஞ்சம் யோசிப்பார்கள்.

14 முறையும் பிழைத்தார்கள் என்பதுதான் விசேஷம். 1960இல் நடந்ததைப் பாருங்கள். ஹார்ட்டில்பூல் கடைசி இடம். பக்கத்து ஊரான கேட்ஸ்ஹெட் கடைசியிலிருந்து மூன்றாவது. ஓட்டு எண்ணியபோது வெளியே போனது கேட்ஸ்ஹெட். நல்ல பெயரா, நட்பா, தூரமா, எதை வைத்து ஓட்டுப் போட்டார்களோ, கேட்ஸ்ஹெட்காரர்களுக்கு அந்த வயிற்றெரிச்சல் நியாயம்தான் என்று நான் நினைக்கிறேன். அப்புறம் பாரோ, வொர்க்கிங்டன், சவுத்போர்ட் என்று ஒவ்வொன்றாக இதே முறையில் வெளியே தள்ளப்பட்டன. ஹார்ட்டில்பூல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தது.

குரங்கைத் தூக்கில் போட்ட ஊர் என்கிறார்களே?

நெப்போலியனோடு சண்டை நடந்த காலம். ஊருக்கு எதிரே ஒரு பிரெஞ்சுக் கப்பல் உடைந்து மூழ்குகிறது. கரை ஒதுங்கியது ஒரே ஒரு உயிர்: மாலுமிகள் வேடிக்கைக்காக ராணுவ உடை மாட்டிவிட்டிருந்த குரங்கு. ஊர்க்காரர்கள் அதுவரை பிரெஞ்சுக்காரனையும் பார்த்ததில்லை, குரங்கையும் பார்த்ததில்லை. விசாரித்தார்கள். அது பேசியது புரியவில்லை. ஒற்றன்தான் என்று முடிவு கட்டித் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

நடந்ததா என்று கேட்டால், ஆதாரம் எதுவும் கிடையாது; கதைதான். ஆனால் 'குரங்கைத் தூக்கிலிட்டவர்கள்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள் திட்டுவதற்கு வைத்த பெயரை இவர்கள் எடுத்துச் சட்டையில் அச்சடித்துக்கொண்டார்கள். கிளப்பின் சின்னமாக மைதானத்தில் ஆடுவதும் ஒரு குரங்கு வேஷம்தான். பெயர் ஹேங்கஸ். 'எங்களைத் தூக்கில் போடு' என்பது அதற்குள் ஒளிந்திருக்கிற சிலேடை.

அந்த வேஷத்துக்குள் இருந்த ஸ்டூவர்ட் டிரம்மண்ட் 2002இல் ஊர் மேயர் தேர்தலில் நின்றார். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு இலவச வாழைப்பழம் என்பது அவர் வாக்குறுதி. விளம்பரத்துக்காகச் செய்த கூத்து என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஜெயித்துவிட்டார். பிறகு 2005, 2009 என்று மேலும் இரண்டு முறை ஜெயித்து, மேயர் பதவியே எடுக்கப்பட்ட 2013 வரை இருந்தார். ஆக, கோப்பை ஜெயிக்காத கிளப் மூன்று தேர்தலை ஜெயித்திருக்கிறது.

மைதானத்தில் ஜெர்மனி குண்டு போட்டதா?

போட்டது. 1916 நவம்பர் 27 இரவு. செப்பலின் என்கிற ராட்சத ஆகாயக் கப்பல் ஊருக்கு மேலே வந்து குண்டுகளைக் கொட்டியது. அதில் கிளப்பின் விக்டோரியா பார்க் மைதானத்தின் மரத்தாலான பார்வையாளர் மேடை நாசமானது. அன்றிரவே அந்த ஆகாயக் கப்பலைச் சுட்டு வீழ்த்திவிட்டார்கள், எரிந்துகொண்டே கடலில் விழுந்தது.

போர் முடிந்ததும் கிளப் உட்கார்ந்து கணக்குப் பார்த்து, 2,500 பவுண்டு நஷ்டஈடு கேட்டு ஜெர்மன் அரசுக்கே எழுதியது. பணம் வரவில்லை. மறுபடி எழுதினார்கள். ஒரு பெரிய நாட்டின் அரசாங்கத்துக்கு ஒரு சின்ன ஊர் கால்பந்து கிளப் பாக்கி நோட்டீஸ் அனுப்புகிறது என்கிற காட்சியை நினைத்துப் பார்த்தாலே எனக்குச் சந்தோஷமாக இருக்கிறது. இடிந்த இடத்தில் 'தற்காலிகமாக' ஒரு மேடை கட்டினார்கள். அந்தத் தற்காலிகம் 1980கள் வரை நின்றது.

பெரிய ஆட்கள் யாராவது இந்த கிளப்பில் இருந்திருக்கிறார்களா?

பிரையன் கிளஃப். பின்னாளில் டெர்பியையும் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டையும் லீக் சாம்பியனாக்கி, ஃபாரஸ்டோடு 1979, 1980 இரண்டு வருடமும் ஐரோப்பியக் கோப்பையைத் தூக்கிய அதே கிளஃப். அவர் முதன்முதலில் மேனேஜர் நாற்காலியில் உட்கார்ந்தது 1965இல், 30 வயதில், இங்கேதான். கால் மூட்டில் பட்ட காயத்தால் ஆட்ட வாழ்க்கை முடிந்துபோயிருந்தது. உதவியாளராகக் கூட வந்தவர் பீட்டர் டெய்லர்.

வந்து பார்த்தால் கூரை ஒழுகுகிறது, கையில் காசு இல்லை. கிளஃப் தொழிலாளர் கிளப்புகளுக்கு ஒவ்வொன்றாகப் போய்ப் பேசி நிதி திரட்டினார். டீம் பஸ்ஸை ஓட்டுவதற்கு லைசென்ஸ்கூட எடுத்துக்கொண்டார். பள்ளி வயதைத் தாண்டாத ஒரு பையனை, 16 வயதில், மைதானத்தில் இறக்கினார். அவன் பெயர் ஜான் மெக்கவர்ன். பின்னாளில் ஃபாரஸ்டின் கேப்டனாக அந்த இரண்டு ஐரோப்பியக் கோப்பைகளையும் கையில் வாங்கியவர் அவர்தான்.

டீம் எட்டாம் இடத்துக்கு வந்தது. 1967இல் கிளஃப் டெர்பிக்குப் போய்விட்டார். அடுத்த சீசனில்தான் மேலே சொன்ன அந்த முதல் பிரமோஷன். சமையல் முடிந்து இலை போடும் நேரத்தில் சமையல்காரர் கிளம்பிப் போன மாதிரி.

ஒரு நல்ல நாள்கூட இல்லையா?

இருக்கிறது. ஆனால் எங்கள் நல்ல நாட்களுக்கு ஒரு குணம் உண்டு, கடைசிப் பத்து நிமிடத்தை நம்பக்கூடாது.

1957 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட் இந்த மைதானத்துக்கு வந்தது. மேனேஜர் மேட் பஸ்பியின் இளைஞர் பட்டாளம், அப்போதைய லீக் சாம்பியன்கள். 17,426 பேர் கூடினார்கள். இன்றுவரை மைதானத்தின் ரெக்கார்டு கூட்டம். யுனைடெட் 3-0 என்று முன்னே போனது. ஹார்ட்டில்பூல் ஒன்று, இரண்டு, மூன்று என்று திருப்பி அடித்து 3-3 ஆக்கியது. முடிவு 4-3, யுனைடெட்டுக்கு.

2005 மே, கார்டிஃப். ஷெஃபீல்ட் வென்ஸ்டேவோடு, மேலே ஏறும் கடைசி இடத்துக்கான பிளே-ஆஃப் இறுதி ஆட்டம். ஜெயித்தால் வரலாற்றில் முதல் முறையாக இரண்டாவது அடுக்கு. ஹார்ட்டில்பூல் 2-1 என்று முன்னே இருந்தது. இன்னும் எட்டு நிமிடம். அப்போது பெனால்டி கொடுத்தார்கள், கூடவே எங்கள் டிஃபெண்டருக்குச் சிவப்பு அட்டை. 2-2. கூடுதல் நேரத்தில் 4-2 என்று போனது. அந்த எட்டு நிமிடத்தைப் பற்றி ஊரில் யாரிடமும் விளையாட்டாகக்கூடப் பேச்செடுக்காதீர்கள். அடுத்த சீசனில் டீம் ஒரு படி கீழே இறங்கியது, சொல்லவே வேண்டாம்.

2017இல் என்ன நடந்தது?

நான் மைதானத்தில் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

மே 6, சீசனின் கடைசி நாள். 96 வருடமாக ஒட்டிக்கொண்டிருந்த லீக்கிலிருந்து கீழே விழும் நிலை. நாங்கள் டான்காஸ்டரை ஜெயிக்க வேண்டும். வேல்ஸில் நியூபோர்ட் ஜெயிக்கக்கூடாது. டான்காஸ்டர் முதலில் கோல் போட்டது. மைதானம் செத்த வீடு மாதிரி ஆனது. பிறகு டெவான்டே ராட்னி என்று ஒரு பதினெட்டு வயசுப் பையனை இறக்கினார்கள். அவன் ஒன்று அடித்தான். பின்பு இன்னொன்று. 2-1. அந்த நேரத்தில் நியூபோர்ட்டில் 1-1. அதாவது, பிழைத்துவிட்டோம்.

அதற்குப் பிறகு யாரும் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. எல்லோர் தலையும் குனிந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு முன் வரிசையில் ஒரு அம்மா காதில் சின்ன ரேடியோவை அமுக்கிப் பிடித்தபடி நின்றார். அவர் தோள் மெதுவாக இறங்கியதைப் பார்த்தேன். போனில் செய்தி வருவதற்கு முன்னால் அந்தத் தோளில்தான் எனக்குச் செய்தி வந்தது. நியூபோர்ட்டில் 89ஆவது நிமிடத்தில் மார்க் ஓ'பிரையன் கோல் போட்டிருந்தார்.

எங்கள் ஆட்டத்தை ஜெயித்தோம். லீக்கை விட்டு வெளியேறினோம்.

அதோடு விட்டுவிட்டிருக்கலாமே?

விட்டிருக்கலாம். ஆனால் அடுத்த ஜனவரியில் கிளப்பில் பணம் காலி, மூடிவிடுவார்கள் என்ற பேச்சு வந்தது. ரசிகர்கள் இணையத்தில் உண்டியல் வைத்தார்கள். மிடில்ஸ்பரோ ரசிகர்கள் பக்கத்து ஊர்க்காரர்களைக் காப்பாற்றுவோம் என்று டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்தார்கள். என் ஆபீஸில் வாரம் முழுக்க என்னைக் கிண்டல் செய்கிற இரண்டு பேரும் அந்தக் கூட்டத்தில் நின்றார்கள், கையில் பை எனப்படும் அந்த இறைச்சி அப்பத்தோடு. அதன் பிறகு எப்படி விடுவது? ஏப்ரலில் புதிய உரிமையாளர் வந்தார், கிளப் பிழைத்தது.

2021 ஜூனில் திரும்பி மேலே வருவதற்கான பிளே-ஆஃப் இறுதி, பிரிஸ்டல் ஊரின் ஆஷ்டன் கேட் மைதானத்தில். 2004இல் இதே மைதானத்தில்தான் இன்னொரு பிளே-ஆஃபில் கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் வாங்கித் தோற்றிருந்தோம். இப்போது டார்க்கீ என்ற கிளப்போடு 1-0 என்று முன்னிலை. 95ஆவது நிமிடம். டார்க்கீயின் கோல்கீப்பர் லூகாஸ் கொவோலான் தன் கோலை விட்டு ஓடிவந்து தலையால் முட்டி கோல் போட்டார். கோல்கீப்பர்! நான் அப்போது சென்னையில் இருந்தேன். லேப்டாப்பை மூடிவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். பெனால்டியில் 5-4 என்று ஜெயித்ததை நான் பார்க்கவே இல்லை, கீழே வந்த பிறகு தெரிந்துகொண்டேன். ஆஷ்டன் கேட் கணக்கு தீர்ந்தது. இரண்டே வருடம். 2023இல் மறுபடி இறங்கிவிட்டோம்.

முதன்முதலில் எப்படி இதில் மாட்டினீர்கள்?

2016 தொடக்கத்தில் ஒரு சனிக்கிழமை. மிடில்ஸ்பரோவில் டிக்கெட் கிடைக்கவில்லை. ரயில் ஏறினால் ஹார்ட்டில்பூல் பக்கம், ஸ்டேஷனிலிருந்து மைதானத்துக்கு நடந்தே போய்விடலாம். போனேன். யாரிடம் தோற்றோம் என்பது மறந்துவிட்டது. ஆலங்கட்டி மழை படுக்கை வாட்டத்தில் அடித்தது நினைவிருக்கிறது.

பக்கத்தில் நின்றவர் இரும்பாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என் ஜாக்கெட்டைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் பிளாஸ்கைத் திறந்து மூடியில் டீ ஊற்றிக் கொடுத்தார்.

"எந்த ஊர்?"

"சென்னை."

"அங்கே டீம் இல்லையா?"

"இருக்கிறது. போன மாதம்தான் சாம்பியன் ஆனார்கள்."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்புறம் இங்கே என்ன வேலை உனக்கு?"

அந்தக் கேள்விக்கு இந்தப் பக்கம் முழுக்க எழுதியும் பதில் வரவில்லை. ஆனால் அடுத்த ஆட்டத்துக்குப் போனபோது அதே இடத்தில் நின்றார், மூடியில் டீ தயாராக இருந்தது. பெரிய கிளப் மைதானத்தில் ஐம்பதாயிரம் பேருக்கு நடுவே நம்மை யாருக்கும் தெரியாது. இங்கே இரண்டு வாரம் வரவில்லை என்றால், உடம்புக்கு என்ன என்று கேட்பார்கள். டீ விற்கும் பெண்மணி வயது வித்தியாசம் இல்லாமல் எல்லோரையும் "பெட்" என்று கூப்பிடுவார். வடகிழக்கில் அது நம் 'கண்ணு' மாதிரி.

மிஞ்சிப்போனால் ஒரு பெரிய டீமையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாம் இல்லையா?

வைத்துக்கொள்ளலாம், யாரும் அடிக்க வரப்போவதில்லை. நான் வைத்துக்கொள்ளவில்லை. ஒருமுறை முயன்றேன். பெரிய டீம் ஜெயித்தபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏழு கோல் அடித்தும்.

சென்னையிலிருந்து எப்படிப் பின்தொடர்கிறீர்கள்?

அங்கே மதியம் 3 மணி ஆட்டம் என்றால் நமக்குக் கோடையில் இரவு 7.30, குளிர்காலத்தில் 8.30. சாப்பாட்டு நேரம். ஒரு காதில் வர்ணனை, கையில் தோசைக் கரண்டி. வீட்டில், "தோத்தாச்சா?" என்று கேட்பார்கள். "இன்னும் இல்லை" என்பேன்.

தோற்கும் டீமுக்குக் கொண்டாட்டம் என்று ஏதாவது உண்டா?

சீசனின் கடைசி வெளியூர் ஆட்டம். அதற்கு ரசிகர்கள் மாறுவேஷத்தில் போவது வழக்கம். 2012இல் லண்டனுக்கு, சார்ல்டன் மைதானத்துக்கு, நூற்றுக்கணக்கானவர்கள் உடம்பெல்லாம் நீலச் சாயம் பூசி ஸ்மர்ஃப் பொம்மைகளாகப் போனார்கள். 2014இல் பிளைமவுத்துக்குப் பென்குவின்களாக. வரைபடத்தைப் பாருங்கள், ஹார்ட்டில்பூல் வடகிழக்கு முனை, பிளைமவுத் தென்மேற்கு முனை. பென்குவின் உடையில் அத்தனை மணி நேரப் பயணம்.

நானும் ஒருமுறை போய்ப் பார்க்கலாம் என்றிருக்கிறேன். என்ன எடுத்துப் போக வேண்டும்?

கையுறை, தலைக்குக் கம்பளிக் குல்லா, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக இரண்டு ஸ்வெட்டர். ஆகஸ்டாக இருந்தாலும் ஒன்றாவது. டவுன் எண்ட் பக்கம் நின்றுகொண்டே பார்க்கும் இடம் இருக்கிறது. முதல் முறை அங்கேயே நில்லுங்கள், உட்கார்ந்தால் குளிர் ஏறும். இறைச்சி அப்பத்தைக் கடிக்கும்போது கீழே குனிந்து கடியுங்கள், உள்ளே இருக்கிற குழம்பு சட்டையில் வழியும். குரங்கு வேஷக்காரர் கை கொடுத்தால் கொடுங்கள், மேயராகிவிடக்கூடும்.

பக்கத்தில் நிற்கும் பெரியவர் டீ ஊற்றினால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். மூடியைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுங்கள், அவருக்கு அது முக்கியம்.